ஒருபக்கத் தாள்

இங்கிட்டு வைப்பதா அங்கிட்டு வைப்பதா என்றே
ஒரு ஞாயிறு போனது.
கீழே எங்கள் அறையில் வைத்தால்
மாடிக்குச் சிக்னல் ஏறாது.
மாடியில் வைத்தால்
டியூஷன் நடுவில் ஒவ்வொரு தாளுக்கும்
நான் பதினாறு படி ஏறவேண்டும்.
ஞானஒளிவுபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவர்
ஒன்றரை அடிக் கனம்.
வைஃபை அதில் முட்டிக்கொண்டு
திரும்பி வந்து அடுப்படியில் நிற்கும்.

கடைசியில்
படிக்கட்டு திரும்பும் இடத்தில்
செருப்பு அலமாரிக்கு மேல் குடிவைத்தோம்.
இரண்டு குடும்பத்துக்கும் எட்டு எட்டுப் படி.

டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர்
'ஒரே நிமிஷம் மேடம்' என்றிருந்தார்.
அந்த நிமிஷம் மாலை ஆறே கால் வரை நீடித்தது.
மோடம் இரண்டு பெயர் சொல்லிக் கூப்பிடும்,
வேகமானது ஒன்று, நிதானமானது ஒன்று.
பிரிண்டருக்கு
நிதானமானது மட்டுமே காதில் விழும் என்று
எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.
பாஸ்வேர்டைக் கேபிள் பையன்
மோடத்தின் வயிற்றில் கிறுக்கி ஒட்டியிருந்தான்.
அது எட்டா பி-யா என்று
என் கணவருக்கும் கொழுந்தனுக்கும் அரைமணி வழக்கு.
ரயில் எஞ்சினையே பிரித்துப் போடுகிறவர்
நீல விளக்கு சிமிட்டியதும்
'நீயே பாரு ஜெனோவா' என்று
டீ போடப் போய்விட்டார்.

கரண்ட் போய் வந்தால்
அதற்கு முகவரி மாறிவிடுகிறது.
நேற்று இருபத்து மூன்றில் இருந்தது
இன்று முப்பத்தொன்றில்.
வீட்டுச் செல்போன்கள் எல்லாம்
காலி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு
ஆஃப்லைன் ஆஃப்லைன் என்று முனகும்.
மோடத்துக்குள் நுழைந்து
ஐம்பதாம் எண்ணை அதன் பேருக்கே எழுதிவைத்தேன்.
பிலவேந்திரன் கைதட்டினான்:
'பட்டா போட்டுக் குடுத்துட்டீங்க அண்ணி!'

அந்த வாரம் வீடே அச்சடித்தது.
ரெஜினாவின் மகனுக்குப் புலிக்குட்டி, பதினோரு தடவை.
ஆதார் நகல். கரண்ட் பில். பங்குப் பேரவை நோட்டீஸ்.
தாள் கட்டுப்படியாகாமல்
பழைய கேள்வித்தாள்களைத்
திருப்பிப் போட்டு வைத்தேன்.

புதன் இரவு ஒன்றே முக்கால்.
படிக்கட்டில் கரகரவென்று உருளை இழுக்கும் சத்தம்.
விளக்குப் போடாமல் ஏறினேன்.
மை ஈரம் காயாத ஒரு தாள்.

சூ. பிலவேந்திரன். வயது 41.
அனுபவம்: கப்பலூர், பதினேழு ஆண்டு.
கறுப்பு வற்றி
வரிக்கு வரி வெள்ளைக் கோடு ஓடியது.
கோடு விழாத ஓரிடத்தில்
'மார்ச் வரை.'

இது ஆகஸ்ட்.
இன்று காலையும் எட்டு இருபதுக்கு
ரெஜினா நீட்டிய டிபன் பாக்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு
'ஆடிட்டிங் அண்ணி, லேட்டாகும்' என்று
பைக்கைத் திருப்பினானே.

தாளைப் புரட்டினேன்.
பின்பக்கம் என் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு.
x-இன் மதிப்பைக் காண்க.
ஐந்து மதிப்பெண்.

எப்படி இருந்ததோ அப்படியே வைத்தேன்.
மேலே தாழ்ப்பாள் அசையும் முன் இறங்கிவிட்டேன்.
கடைசியாக அடித்த கோப்பின் பெயர்
யார் செல்லில் திறந்தாலும் தெரியும்.
போர்வைக்குள் வைத்து அதை அழித்தேன்.

காலையில்
கறுப்புத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன்.
ஹெட் க்ளீனிங் இரண்டு தடவை.
கேள்வித்தாள்களை உருவி எடுத்துவிட்டு
புதுக் கட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டேன்,
கனத்த தாள், நாற்பது ரூபாய் கூடுதல்.

இறங்கி வந்தவன் திருப்பத்தில் நின்றான்.
'இங்க் ஊத்திட்டீங்களா அண்ணி?'
'கொஸ்டின் பேப்பர் அடிக்கணும்ல.'
மேல்தாளைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தான்.
பிறகு கறுத்திருந்த என் விரல்களை.
பைக் முதல் உதையில் கிளம்பவில்லை.

அன்றிரவு படிக்கட்டில் சத்தம் வந்தபோது
நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.
நான்கு தாள்.