ஏழாம் குழி

ஓர் அடி இறங்க எத்தனை அடி?
மண்ணிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.
அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியல்
முக்கால் மீட்டரிலிருந்து விழ விழ
முக்காலியருகே ஒருவர் நின்று எண்ணுவார்.

மோர்ப்பண்ணையில் புயல் காப்பகம் வரப்போகிறது.
பதினோரு குழிகள். ஒன்பதாவது மீட்டரில்
பதினான்கு, பதினேழு, பதினைந்து, பன்னிரண்டு, பதினாறு,
ஆறாம் குழியில் ஐம்பது,
ஏழாம் குழியில் இரண்டு,
அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல்
பதினெட்டு, பதின்மூன்று, பதினைந்து, பதினேழு.

தேவிபட்டினம் விடுதியில்
மின்விசிறிக்குப் பறக்கும் தாள்கள்மேல் செருப்பை வைத்துவிட்டுக்
கூட்டிப் பார்க்கிறேன். சராசரி பதினேழு.
"அந்த ரெண்டைத் தூக்கிருங்க மேடம்,
எண்ணுனவன் தூங்கியிருப்பான்."
போனில் தலைமைப் பொறியாளர்.
தூக்கினால் பத்தொன்பதை எட்டிவிடும்.
அஸ்திவாரம் மெலியும், கோப்பு நகரும்.
ஐம்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஐம்பது மட்டும் யார்?
சிப்பி இறுகிய ஒரு சாண் கல்லாக இருக்கலாம்,
அதற்கும் கீழே சேறாக இருக்கலாம்.
ஐம்பதோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறோம்.
நல்ல சேதியோடு வரும் அந்நியனிடம்
எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.
இரண்டையும் விலக்கிப் பார்த்தேன்: பதினைந்து.
அதை எழுதவும் கை வரவில்லை.

வின்ச்சுக்காரர் சீனி இபுராகிமைக் கூப்பிட்டேன்.
"நானும் நம்பலம்மா.
ரெண்டு முழம் தள்ளி மறுபடி போட்டேன்.
அப்பவும் கம்பி தன் பாரத்துலயே பாதி இறங்கிருச்சு.
களி வந்துச்சு, கருப்பா, அழுகின முட்டை வாடை.
உங்க தாள்ல அதை எழுதக் கட்டமில்லையே."

இல்லைதான்.
எப்போதோ அங்கே ஒரு கழி ஓடியிருக்கும்.
வண்டல் மூடி, உடை முளைத்து, ஆடு மேய்ந்து
எல்லோரும் மறந்த கழி.
கழியைக் கழித்துவிடு என்கிறது கணக்கு.
வரைபடத்தில் ஏழாம் குழிக்கு நேர்மேலே
வடகிழக்குத் தூண்.
புயலன்று நானூறு பேர் உள்ளே வந்து
ஈரத் துணியோடு உட்காரும்போது
யார் சராசரியின்மேல் உட்காருவார்கள்?
அந்தத் தூணில் சாய்ந்திருப்பவர்
இரண்டின்மேல் சாய்ந்திருப்பார்.

இன்னும் ஒரே ஒரு குழிக்குத்தான் பணமிருக்கிறது.
கழி வடக்கே வளைந்ததா, தெற்கேயா,
பதினோரு எண்களும் சொல்லவில்லை.
"காலைல ஆறு மணிக்கு வந்துருவோம்.
முக்காலிய எங்கம்மா நிறுத்த?"
இபுராகிம் இணைப்பிலேயே இருக்கிறார்.
அவர் பக்கம் காற்றுச் சத்தம்.
பென்சிலால் ஒரு வட்டம் போடுகிறேன்,
அழிக்கிறேன்,
கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன்.