மஞ்சளுக்கு மூச்சு வாங்குகிறது

இருபத்திரண்டு வருஷம் கழித்து
ஐவரும் ஒரே திரையில்.
மஞ்சளுக்குத் தொப்பை.
உருமாறும் சொல்லைக் கத்திவிட்டு
முழங்காலைப் பிடித்துக்கொள்கிறான்.
அரங்கே சிரித்தது.

ஜெலுத்தோங் ஃபிளாட், பதினோராம் மாடி நடைபாதையில்
நான்தான் மஞ்சள்.
சிவப்பு எப்போதும் லோகேந்திரனுக்கு,
டிவி அவன் வீட்டில் இருந்ததால்.
அரக்கர்கள் தோக்கியோவையே உடைத்தார்கள்.
கொம்தாரை ஒருத்தன்கூட உதைக்கவில்லையே என்று
எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்போது மலாயில் கத்தினார்கள்.
இன்றுதான் கேட்கிறேன் சொந்தக் குரலை:
மெலிசு,
சளி கட்டியதுபோல.

டிக்கெட்டைப் படமெடுத்து
லோகேந்திரனுக்கு அனுப்பினேன்.
மெல்பர்னில் இரண்டு நீலக்குறி. பதிலில்லை.

கார் நிறுத்துமிடம், மூன்றாம் தளம்.
யாருமில்லை.
காலை அகட்டி, கையை நீட்டி,
அந்தச் சொல்லை
பாதி சொல்வதற்குள் இடுப்பு பிடித்தது.
மேலே கேமரா
சிவப்பாய் ஒருமுறை மினுங்கியது.