பதினோராவது வீடு

இங்கே வாடை சுடும்.
வடக்கிலிருந்து வருவதால் அந்தப் பெயரையே
கொடுத்து வைத்திருக்கிறோம்.
நாற்பத்தொன்று என்றது ரேடியோ,
வெளியே யாரும் அடுப்பு மூட்டக்கூடாது என்றது.
பியூலா ஊறவைத்த ஆட்டிறைச்சி
ஐஸ்பெட்டியில் பண்டிகைக்குக் காத்துக் கிடக்க,
கிளைட் நார்த்தின் புதுத் தெருக்களில் எங்கள் வேன்:
பதினான்கு பேர், ஒரு டிரம், ஒரு கிட்டார்,
கம்பில் கட்டிய காகித நட்சத்திரம்,
நான்.

இந்த வருஷம் நான்தான் கிறிஸ்மஸ் தாத்தா.
சீட்டுப் போட்டு எடுத்தார்கள்.
வெல்வெட் அங்கி, வயிற்றில் இரண்டு தலையணை,
பிளாஸ்டிக் முகமூடிக்குள்
போன வருஷம் போட்டவரின் பவுடர் வாசனை.

எட்டு மணிக்கும் இறங்காத வெயில்.
நட்சத்திரத்துக்குள் பல்பு எரிகிறது என்றார்கள்.
நம்பினோம்.

வீட்டுக்கு வீடு கேக், வீட்டுக்கு வீடு முறுக்கு.
ஐந்தாவது வீட்டுக் கைக்குழந்தை
என்னைப் பார்த்து வீறிட்டது.
ஏழாவதில் ஷெரின், நைட் ஷிஃப்ட் உடுப்போடு நின்று
ஒரே ஒரு சரணம் பாடிவிட்டு
கார் சாவியை எடுத்தாள்.
ஒன்பதாவதில் வேலிக்கு அந்தப்பக்கத்துக் கிரேக்கர்
பியர் போத்தலை உயர்த்தி, தன் பாஷையில்
எதையோ வாழ்த்தினார்.

பட்டியலில் பதினொன்று: தனசிங்.
அண்ணிதான் பெயர் கொடுத்திருக்க வேண்டும்.
என் அண்ணன்.

தொடங்கியது ஒரு டிரெய்லரில்.
இரவல் வாங்கி நெளித்துக் கொடுத்தேன்.
இல்லை, முன்பே நெளிந்துதான் இருந்தது.
பிறகு அதில் நாங்கள் ஏற்றாத சரக்கில்லை:
அப்பாவின் ஆஸ்பத்திரி பில், அம்மாவின் வளையல்,
யார் முதலில் விசா வாங்கியது,
யார் யாரைக் கூட்டி வந்தது.
மூன்று வருஷம்.
ஞாயிறுதோறும் ஒரே ஆலயம்,
அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால்
குனிந்து ஷூ லேஸ் கட்டுவேன்.
என் ஷூவில் லேஸ் இல்லை என்பது
ஆயருக்கும் தெரியும்.

யாக்கோபு ஆட்டுத்தோல் கட்டிக்கொண்டு போனான்.
எனக்குப் பஞ்சுத் தாடி.
பேசவேண்டாம், ஆடு, அது போதும் என்றான் ஆசீர்.
ஆடினேன்,
அவன் கம்பளத்தில், அவன் சோபாவுக்கு முன்னால்.
அவன் மகளுக்கு மிட்டாய் இறைத்தேன்.
வளர்ந்திருந்தாள். விழுந்த பல்லெல்லாம்
முளைத்துவிட்டிருந்தது.
முகமூடிக்குள் ஒரே உப்பு,
வேர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயர் ஜெபித்தார். எல்லாரும் கண்மூடினார்கள்.
நான் மூடவில்லை.
அண்ணனும் மூடவில்லை,
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
செருப்பு போட்டிருந்தேன்.
கட்டைவிரலை மிஞ்சி நீளும் அடுத்த விரல்
எங்கள் அப்பா கொடுத்தது,
இருவருக்கும் சமமாக.

ஆமென் சொல்லுமுன் எழுந்து உள்ளே போனான்.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.
வயர் விறைக்கும் வரை ஃபேனைத் தூக்கி வந்து
என் பக்கம் திருப்பினான்.
மூன்றில் வைத்தான்.
பிறகு ஒரு டம்ளர் மோர்,
கறிவேப்பிலை கிள்ளிப் போட்டது.
அதில் ஒரு ஸ்ட்ரா.

முகமூடியைக் கழற்றாமலே குடிக்கலாம்.

குடித்தேன். அவன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான்,
அட்டையிலிருந்து அட்டை வரை,
எந்தப் பாட்டையும் தேடாமல்.

வெளியே வந்தபோது காற்று திரும்பியிருந்தது.
தெற்கே கடல். பத்தே நிமிஷத்தில்
தெருவின் கதவெல்லாம் திறந்துகொண்டது.
வாடைதான் இங்கே பொய் சொல்லும்,
தென்றல் தென்றல்தான்.

வாசலில் டிரெய்லர் நின்றது.
நெளிவு வலப்பக்கம்.
இடப்பக்கம் என்றே
இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஆசீர் ஹாரன் அடித்தான்.
இன்னும் நாலு வீடு இருந்தது.