மூன்று நொடி அதிகம்

பிள்ளைகள் கடந்துவிட்டார்கள்.
கடைசியாகப் போன ஃபியாக்ராவின்
அவிழ்ந்த ஷூ நாடாகூட நடைபாதை ஏறிவிட்டது.
நான் இன்னும் பலகையை இறக்கவில்லை.

ஒப்புக்கொள்கிறேன்.
எனக்குக் கொடுத்தது
ஒரு மஞ்சள் மேலங்கி, ஒரு கம்பு,
கம்பின் தலையில் வட்டமாக ஒரு ‘நில்’.
எதற்கெல்லாம் நிறுத்தலாம் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள்.
பார்ப்பதற்கு நிறுத்தலாம் என்று
அதில் இல்லை.

ஆனால் அன்றைக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது
மரச்சட்டம் வைத்த மோரிஸ் மைனர்.
பின்பாதிச் சட்டமெல்லாம் நிஜ மரம், வார்னிஷ் உரிந்த மரம்.
ஜன்னல் ஓடும் பள்ளத்தில் பாசி.
பாசியில் ஊசிமுனை உயரத்துக்கு
என்னவோ முளைத்தும் இருந்தது.
துளிர்க்கிற காரை
நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்?
ஸ்லைகோவில் மழைக்கும் குறைவில்லை.
மூன்று நொடி எடுத்துக்கொண்டேன்.
பின்னால் நின்ற ரொட்டி வேன்
ஹாரனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பழக்கம் அப்படித்தான் தொற்றியது.

மற்றபடி
சாம்பல், வெள்ளி, சாம்பல், வெள்ளை,
எல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் அலசியவை.
என் வீட்டுக்காரர் லோர்கனுக்குக் கார் என்றால்
நான்கு சக்கரம், ஒரு தவணை.
அவரிடம் போய் எதைச் சொல்ல?
எரிவாயு பில்லின் பின்புறம் குறித்து வைப்பேன்:
நிறம், மணி, தூறலா அடைமழையா.
எண் மட்டும் எழுதுவதில்லை.
அது கேட்காமல் ஒருவர் சட்டைப்பையில்
கைவிடுவது மாதிரி.

மூன்று சக்கர ரிலையன்ட் ஒன்று வளைவில் சாய்ந்து வந்தது,
முன்கால் ஒன்றை எங்கோ வைத்துவிட்டு வந்த நாய்போல.
கால்நடை மருத்துவரம்மாவின் ரெனோ ஃபோர்:
டாஷ்போர்டிலிருந்து நீட்டிய குடைக்கைப்பிடிதான் கியர்.
ஒரு புதன்கிழமை, நீள மூக்கு டெய்ம்லர்,
சவ ஊர்தி.
பலகையைத் தூக்கவில்லை. தலை குனிந்தேன்.
குனிந்தபடியே சக்கரக் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டேன்.

“மிஸ்ஸஸ் கில்பிரைட், நாங்க எப்பவோ தாண்டியாச்சு”
என்றாள் சைவ். எட்டு வயது.
“வலது பக்கம் பார்த்தாயா?” என்றேன்.
பார்த்தாள்.
“இடது?”
அதற்குள் எனக்குப் பின்விளக்கும் தெரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் சிக்கவில்லை.
தபால்காரர் பார்த்தாராம், ஸ்ட்ராண்ட்ஹில் சாலையில்.
மீன்கடைக்காரர் இரண்டு முறை பார்த்தாராம்,
வெறுப்பேற்றவே இரண்டு.
ஹைங்கல் குமிழிக் கார்.
முட்டைக்குச் சக்கரம் வைத்த மாதிரி.
மூக்கே கதவு, மூக்கைத் திறந்தால் உள்ளே மனிதர்.
இலையுதிர்காலம் முழுக்க என் கோட்டில் நின்றேன்.
சாம்பல். வெள்ளி. சாம்பல்.

பிறகு விடுமுறை.
பள்ளிக்குப் பூட்டு, பலகை மாடிப்படிக்கு அடியில்.
வீட்டுச் செருப்போடு பால் வாங்கித் திரும்புகிறேன்,
தையல் மெஷினுக்கு இருமல் வந்த சத்தத்தோடு
வருகிறது அது.
வெளிர்நீலம்.

கை தானாக உயர்ந்தது.
கையில் பால் பாக்கெட்.

நின்றுவிட்டது!

உள்ளே பெரிய ஆள் ஒருவர்,
முழங்கால் காதருகே, பக்கத்தில் ஒரு முட்டைக்கோஸ்.
ஒற்றை வைப்பர் இல்லை இல்லை என்றது.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் காரைப் பார்த்தேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது நொடியில் அவர் மரியாதையாகத் தலையசைத்தார்:
கடந்துகொள்ளுங்கள்.

என்ன செய்ய?
என் வீடு இந்தப் பக்கம்.
அந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது.
வலது பார்த்து, இடது பார்த்து,
அந்தச் சாலையை எந்தக் குழந்தையும் கடக்காத ஒழுக்கத்தோடு
பாலை உயர்த்திப் பிடித்தபடி
கடந்தேன்.

திரும்பியபோது
பின்புறத்து ஒற்றைச் சக்கரம்
தேவாலய வளைவில் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வெகுநேரம்
அந்தக் கரையிலேயே நின்றேன்.
வெள்ளி, சாம்பல், சாம்பல்.
ஒருவரும் நிறுத்தவில்லை.