விரல் நீளக் கோடு

வீக் ஊரில் காற்று கிழக்கிலிருந்து வந்தால்
மணலையும் கூட்டிக்கொண்டு வரும்.
கறுப்பு மணல். எரிமலை அரைத்த மாவு.
போன மே மாதம் ஹஃப்லிதியின் வெள்ளைக் காரை
ஒரே மத்தியானத்தில் உரித்துப் போட்டது.
ஒரு பக்கம் கார், மறுபக்கம் தகரம்.
முன்கண்ணாடியில் புரை விழுந்திருந்தது.

அதைப் பார்த்த பிறகும்
கருநீலம் வாங்கினேன்.

ஐம்பத்தோரு வயதில் என் முதல் புதுக் கார்.
அதுவரை ஓட்டியதெல்லாம்
யாரோ ஓட்டி அலுத்தவை:
இருக்கையில் அடுத்தவர் உட்கார்ந்த பள்ளம்,
சாம்பல் கிண்ணத்தில் அடுத்தவர் கவலை.
இது பதினோரு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.
அந்தப் பதினொன்றையும் ஓட்டியவர் யார் என்று
இரண்டு நாள் யோசித்தேன்.

"புதுசுக்கு எதற்கு மெழுகு?" என்றான் விற்றவன்.
அவன் இருப்பது ரெய்க்யவிக்கில்.

காற்று எங்கோ வேலையாகப் போயிருந்த
ஒரு ஞாயிற்றுக்கிழமை
வீட்டு நிழலில் வண்டியை நிறுத்தினேன்.
சுட்ட தகட்டில் மெழுகு முரண்டு பிடிக்கும்.
இரண்டு வாளி. ஒன்றில் சோப்பு நீர்,
மற்றதில் துணி தன் பாவத்தைக் கழுவிக்கொள்ள.
கீழே விழுந்த துணி அதோடு சரி,
இனி அது சமையலறைக்கு.

ஈரம் காய்ந்ததும்
பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் தடவினேன்.
கண்ணுக்குச் சிக்காதது பைக்குள் சிக்கும்:
கப்பலில் வரும்போதே ஒட்டிக்கொண்ட துகள்கள்,
நறநறவென்று.
களிக்கட்டியை நனைத்து உருட்ட உருட்ட
நறநறப்பு ஓய்ந்தது.
கை தானாக வழுக்கிச் சக்கரம் வரை போயிற்று.

பிறகு மெழுகு. ஒரு பட்டாணி அளவு.
நிறையப் போட்டால் நிறையக் காக்கும் என்பது
பயந்தவர்கள் போடும் கணக்கு,
நானும் முதலில் அப்படித்தான் போட்டேன்.
மங்கலாய்ப் படர்ந்து, காய்ந்து,
துடைத்த இடத்தில் மலை வந்தது,
மலைமேல் தேவாலயத்தின் சிவப்புக் கூரை வந்தது,
தலை கலைந்த ஒரு பெண்ணும்
கேட்காமலே வந்து நின்றாள்.

கூரையின் நடுப்பகுதி மட்டும் எட்டவில்லை.
கால்விரலில் எம்பினேன்.
கதவில் சாய்ந்தேன்.
இன்னும் கொஞ்சம்.

கிரிச்.

நானே பின்னிய கம்பளிச் சட்டை.
நானே வைத்துத் தைத்த பித்தளை ஜிப்.
அதன் நாக்கு கீறிய கோடு,
ஓட்டுநர் கதவில், விரல் நீளத்துக்கு.

மோதிரத்தைக் கழற்றியிருந்தேன்.
கடிகாரத்தைக் கழற்றியிருந்தேன்.
மணலுக்குப் பயந்தேன்,
சுற்றுலா வண்டிகள் எற்றும் சரளைக்குப் பயந்தேன்,
கடற்பறவைகளின் வயிற்றுக்குப் பயந்தேன்.
என் வயிற்றுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து ஹஃப்லிதி எட்டிப் பார்த்தார்.
"மணலா?"
"இல்லை. நான்தான்."
அவர் சிரிக்காதது பெரிய மனசு.
"மெருகு போட்டால் போய்விடும்" என்றார்.

போகாது.
மெருகு கோட்டை அழிப்பதில்லை,
கோட்டின் ஆழத்துக்குச் சுற்றியுள்ளதையும் இறக்கும்.
மேல்பூச்சு மொத்தமே ஒரு தலைமுடியின் கனம்.
வாங்கி ஒன்பது நாள்கூட ஆகாத வண்டியில்
ஒரு கோட்டுக்காக
நல்ல இடத்தையெல்லாம் தேய்ப்பானேன்?

இன்னொரு பட்டாணி எடுத்தேன்.
கோட்டின்மேல் வைத்து
வட்டம் போடாமல் நேராக இழுத்தேன்.
மெழுகுக்குத் தோல் எது, கீறல் எது என்று தெரியாது.
இரண்டையும் மூடிற்று.

இரவு மழை.
தூக்கம் வராமல் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன்.
வண்டி முழுக்கத் துளிகள்
உருண்டு திரண்டு நின்றன,
ஒன்றும் பரவவில்லை.
கோட்டின் மேலும் நான்கு துளி,
வரிசை தப்பாமல்.

கிழக்குக் காற்று வியாழன் வரும் என்கிறார்கள்.
வரட்டும்.
சட்டைக்கு இப்போது
ஆட்டுக்கொம்புப் பொத்தான்கள்.
ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல்.