இப்போ தெரியுதா?

ஏப்ரல் முழுக்கப் படம் பளிங்காக வந்தது.
மே பிறந்து
தெருமுனை லிண்டன் மரம் இலைவிட்ட வாரத்தில்
செய்தி வாசிப்பவளின் வாய் ஒரு பக்கமும்
சொல் மறுபக்கமும் போயின.

ஷெஃபீல்டில் ஏழு குன்றுகள் என்பார்கள்,
எண்ணிச் சரிபார்த்தவரை நான் சந்தித்ததில்லை.
எங்கள் வீடு வாக்லியில், ஒரு சரிவில்.
கோபுரம் எங்கோ வடக்கே, மேட்டுக்கு அப்பால்.
மேட்டின்மேல் வீடுகள்.
வீடுகளுக்கு முன்னால், இப்போது, அந்த மரம்.

ராய்ஸ்டன் முதலில் டிவியைத் தட்டினான்.
பிறகு என்னைப் பார்த்தான்,
ஏதோ வயரை நான் மிதித்துவிட்டது போல.
பிறகு முப்பது பவுண்டுக்கு
ஒரு பூஸ்டர் வாங்கிவந்தான்.
அதில் பச்சை விளக்கு எரிந்தது;
அந்த அறையில் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.
இரைச்சலைப் பெருக்கினால்
பெரிய இரைச்சல்தான் கிடைக்கும், என்றேன்.
அன்றிரவு எங்களுக்குள் பேச்சில்லை.
அவன் மாநகராட்சிக்கு மரத்தைப் பற்றி
ஒரு கடிதம் தொடங்கினான்.
'மதிப்பிற்குரிய' வரை வந்தது.

இரண்டு மைல் தள்ளி
ஸ்னூக்கர் இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது.
அந்த வாசலை நாளைக்கு ஆறு தடவை
பஸ்ஸில் கடக்கிறேன், ஓட்டுவதே நான்தான்.
வீட்டிலோ அதே மேஜையில்
சிவப்புப் பந்து சதுரமாக உருண்டு
குழிக்கு ஒரு விரற்கடை முன்னால் உறைந்துவிடும்.
கைதட்டல் மட்டும் வரும்.
யாருக்கு என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு.
மூன்றாம் வீட்டு டாலிபோர்
ஏணியோடு வந்தான்.
ஸ்லோவாக்கியாவில் கூரை வேய்ந்தவன்,
இங்கே கோழி பொட்டலம் கட்டுகிறான்.
புகைபோக்கி அருகே குந்தி
கேபிளின் முனையை அறுத்தான்:
செம்பு கறுத்திருந்தது.
உறைக்குள்ளிருந்து ஒரு சொட்டு நீர்,
எந்த வருஷத்து மழையோ,
அவன் பெருவிரலில் விழுந்தது.

புதுக் கேபிள் போட்டோம்.
பாதிப் படம் வந்தது,
ஒன்றுமே வராததைவிட அது கொடுமை.

அப்புறம்தான் அவன் நிமிர்ந்து
மற்ற கூரைகளைப் பார்த்தான்.
"உங்களுது படுத்திருக்கு," என்றான்,
"மத்ததெல்லாம் நிக்குது."

ஆமாம்.
தெரு நெடுக ஆன்டெனாவின் முட்கள்
வானத்துக்கும் தரைக்குமாக நின்றன,
வேறு திசை பார்த்து,
க்ராஸ்பூல் மேட்டுச் சின்னக் கோபுரத்தை.
எங்களுடையது மட்டும்
முன்பிருந்தவர் விட்டுப்போன வாக்கில்
தட்டையாகக் கிடந்து
தூரத்துக் கோபுரத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தது,
மரத்தின் வழியாக,
பதினாலு வருஷமாக.

அவன் கூரையில்.
நான் மாடத்து ஜன்னலில்.
ராய்ஸ்டன் கீழே டிவி முன்னால்.
"இப்போ?"
"இப்போ?"
"இல்லை!"
"இல்லையாம்!"
இடது பக்கம் ஒரு நூல்.
"வந்துச்சு, போச்சு!"
"திரும்பப் பழைய இடத்துக்கு!"
கீழிருந்து வந்த எல்லாச் சொல்லையும்
நான் மேலே அனுப்பவில்லை.
என்னிடமும் ஒரு வடிகட்டி உண்டு.

பிறகு கீழே சத்தமே இல்லை.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
யாரோ தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்கள்,
ஒவ்வொரு விதையும் தெரிந்தது.
ராய்ஸ்டன் சோபா நுனியில், வாய் திறந்தபடி.
சொல்ல மறந்துவிட்டான்.
கூரையில் டாலிபோர் இன்னும்
இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்திருந்தான்.

காசு வாங்கவில்லை. தேநீர் குடித்தான்,
சர்க்கரை நாலு கரண்டி.
கடிதத்தின் பின்பக்கத்தில்
பால், பல்பு, நட்டு எட்டு மில்லி
என்று ராய்ஸ்டன் கையெழுத்து.

"ஃபைனல்ல யாரு ஜெயிச்சது?" என்றான் டாலிபோர்.
"சொல்லிடாதே!" என்றான் ராய்ஸ்டன்,
"ராத்திரி மறுபடி போடறான், முழுசா."

திங்கள் கடைசி ட்ரிப்பில்
ஏறின அத்தனை பேரும் அதைத்தான் பேசினார்கள்.
நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு
சமையலறைக்குப் போனேன்.