இருநூறு

பத்து வினாடிக்கு ஒருமுறை
ஆறு சர்வர்களையும் கூப்பிட்டுக் கேட்கிறது லோட் பேலன்சர்.
இருநூறு, என்கின்றன.
நலம் என்பதற்கு அவ்வளவுதான் சொல்.
மூன்று முறை சொல்லத் தவறினால் வரிசையிலிருந்து நீக்கம்.
பிறகு இரண்டு முறை ஒழுங்காகச் சொன்னால்
பழைய இடம், பழைய வேலை.
மனத்தில் எதையும் வைத்துக்கொள்வதில்லை.
இந்த அலுவலகத்தில் அப்படி வேறு யாரும் கிடையாது.

உம்லாங்காவில் எட்டாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே
டர்பன் துறைமுகத்தில் இடம் கிடைக்காத கப்பல்கள்
விளக்கேற்றிக்கொண்டு கடலிலேயே நிற்கின்றன.
நாங்கள் விற்பது மின்சாரம்.
மின்சாரம்கூட இல்லை, அதன் எண். இருபது இலக்கம்.
ஃபீனிக்ஸில் யாரோ
பாதி வெந்த சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு
கைப்பேசி வெளிச்சத்தில் மீட்டர் முன் குனிந்து
ஒவ்வொன்றாக அழுத்துவார்கள்.

அந்தச் செவ்வாய் இரவு
நான்காவது சர்வர் பணம் வாங்கியது, எண் தரவில்லை.
டேட்டாபேஸுக்குப் போகும் வழி உள்ளே அறுந்துபோய்
நாற்பது நிமிடம்.
அவ்வளவு நேரமும்
இருக்கிறாயா என்று கேட்டது பேலன்சர்.
இருநூறு, இருநூறு, இருநூறு.
பொய் என்று சொல்ல முடியாது.
இருக்கத்தான் செய்தது.

நொம்புசோ சிரித்தாள்.
"எங்கள் ஜூலுவில் 'உன்ஜானி' என்று கேட்டால்
'ங்கிகோனா' என்போம்.
எப்படி இருக்கிறாய்? இங்கே இருக்கிறேன்."
எங்கள் வீட்டிலும் அதேதான், என்றேன்.
எப்படி இருக்கே?
ஏதோ இருக்கேன்.
அந்த 'ஏதோ'வுக்கு எண் ஒதுக்கவில்லை எவரும்.

நான் ஒதுக்கினேன்.
கேள்வியை ஆழமாக்கினேன்:
டேட்டாபேஸைத் தொட்டுவிட்டு வந்து பதில் சொல்,
டிஸ்க்கில் இடம் எவ்வளவு, சொல்.
யுகேந்திரன் கட்டைவிரல் படம் போட்டு ஒப்புதல் தந்தான்.
இரண்டு வாரம் கர்வமாக நடந்தேன்.

சம்பள நாள் வெள்ளிக்கிழமை.
ஊரே எண் வாங்க வந்த நேரத்தில்
டேட்டாபேஸ் அரை நிமிடம் திணறியது.
அரை நிமிடம்தான்.
ஆறும் சேர்ந்து
ஐந்நூற்று மூன்று என்றன.
திரை முழுக்கச் சிவப்பு.
அனுப்ப ஒருவரும் இல்லை வரிசையில்.
என் கேள்வியால் இருண்ட வீடுகளை எண்ணத் தொடங்கினேன்.

பேலன்சர் அப்போது செய்ததை
நான் எங்கும் படித்திருக்கவில்லை.
எல்லோருக்கும் நோய் என்றால்
எல்லோரும் நலம் என்று வைத்துக்கொண்டு
ஆறு பேருக்கும் பங்கிட்டு அனுப்பியது.
நொண்டி நொண்டி
போய்ச் சேர்ந்தன எண்கள்.

வெள்ளம் வந்த ஆண்டு நினைவுக்கு வந்தது.
டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாய் வறண்டு
நான் இருபது லிட்டர் கேனோடு லிஃப்டில் ஏறுவேன்
அலுவலகக் குழாயில் பிடித்துப்போக.
நொம்புசோவின் மாமா வீட்டுச் சுவர் மண்ணோடு போனது.
யுகேந்திரன் காரில் தூங்கினான்.
எப்படி இருக்கிறாய் என்று
அந்த மாதங்களில் யாரும் யாரையும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
தளத்தையே பூட்ட வேண்டியிருந்திருக்கும்.

பழைய கேள்வியையே திருப்பி வைத்தேன்.
ஆழமானதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறேன், தனியாக.
பதில் யாரையும் நீக்காது.
ஒரு பக்கத்தில் விழும், இரவில் நான் படிப்பேன்.
இரண்டு: நினைவகம் நிரம்புகிறது.
நான்கு: பரவாயில்லை.
ஆறு: மெதுவாக, ஆனால் வருகிறது.

காலை ஆறு மணி. ஷிப்ட் மாற்றம்.
நொம்புசோ பையை வைத்தாள், கோட்டைக் கழற்றவில்லை.
உன்ஜானி, என்றேன்.
ஐந்து வினாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது விதி.
நான்காவதில் வந்தது.
"ங்கிகோனா."

சரி என்றேன்.
அவளுடைய முதல் இரண்டு மணி நேர அழைப்புகளை
என் பக்கம் திருப்பிவிட்டு
இன்னொரு காபி போடப் போனேன்.